மருத்துவப் பாவனைப் பயிற்சி: சுற்றி நிற்பவர்கள் கற்பது எப்படி?

சென்ற இதழில், மருத்துவக் கல்லூரிகளிலும் செவிலியர் கல்லூரிகளிலும் ஸ்கில் லேப் என்னும் திறன் பயிற்சிக்கூடத்தில் நடக்கும் பாவனைப் பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தேன். மேனிகின் என்னும் பொம்மையையோ, நோயாளியாக நடிக்கும் ஒருவரையோ படுக்கையில் கிடத்தி, அவசர நிலை ஒன்றை உருவாக்கி, மாணவர்களை ஒரு குழுவாகச் சிகிச்சை செய்ய வைத்து, முடிந்த பிறகு நடந்ததைப் பற்றி எல்லோரும் உட்கார்ந்து பேசுவதே அந்தப் பயிற்சி. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், சிகிச்சை செய்யும் நாலைந்து பேரை விட்டுவிட்டு, அவர்களைச் சுற்றி நின்று பார்க்கும் மற்றவர்களைப் பற்றியே கேட்டிருந்தன. மயக்கவியல் மருத்துவராகவும் பயிற்சியாளராகவும் அந்த அறைகளில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் எனக்கும் மனத்தை உறுத்தும் கேள்வி இதுதான். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். பார்வையாளர் என்ற சொல்லை இங்கே தவிர்த்திருக்கிறேன். மருத்துவமனையில் அது மாலை வேளையில் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகும் உறவினரைக் குறிக்கும். நான் பேசப்போவது உற்றுநோக்குபவர்களைப் பற்றி.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒரு பிரிவுக்கு 60 மாணவிகள். பாவனைப் பயிற்சிக்கு இருப்பது ஒரே ஒரு மேனிகின். ஐந்து பேர் நோயாளியைக் கவனிக்க, மற்றவர்கள் சுற்றி நிற்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் முன்வரிசையைத் தவிர எல்லோரும் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைக் கவனிக்க வைப்பது எப்படி?
– செவிலியர் கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் மாணவிகள் பேசத் தொடங்குவதை ஒழுக்கக் குறைவாக நான் பார்க்கவில்லை. எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்காமல் ஒருவரை இருபது நிமிடம் நிற்கச் சொன்னால் அவருடைய கவனம் சிதறத்தான் செய்யும். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பவரைப் பாருங்கள். பாடகர் எந்த இடத்தில் எடுப்பை மாற்றினார் என்பது அவருக்குத் தப்புவதில்லை. அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் காது கூர்மையடைகிறது. பயிற்சி அறையில் நிற்பவர்களுக்கும் நாம் அப்படி ஒரு தாளத்தைக் கொடுக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள். 60 பேரை ஒரே கட்டிலைச் சுற்றி நிறுத்தினால் எந்த உத்தியும் பலிக்காது, ஏனெனில் மூன்றாம் வரிசையில் நிற்பவருக்கு நோயாளியின் முகமே தெரியாது. பிரிவை மூன்றாக்கி, 20 பேர் பாவனைப் பயிற்சியிலும், மற்ற இரு குழுவினரும் அடுத்த அறைகளில் ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் செருகுவது போன்ற தனித்திறன்களிலும் ஈடுபட்டுச் சுற்றி வரும்படி அமைக்கலாம். 20 பேரில் ஐவர் சிகிச்சை செய்தால் 15 பேர் எஞ்சுவார்கள். அவர்களை நான்கு சிறு குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம். பிரசவமாகி 20 நிமிடம் ஆன தாய், நஞ்சுக்கொடி வெளியேறிவிட்டது, கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடக்கிறது, விரிப்பு நனைந்துகொண்டே போகிறது. முதல் குழு கடிகாரத்தைப் பார்க்கட்டும். இரத்தப்போக்கை ஒருவர் வாய்விட்டுச் சொன்ன நேரம், உதவிக்கு ஆள் கூப்பிட்ட நேரம், கருப்பையைத் தேய்க்கத் தொடங்கிய நேரம், கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் கொடுத்த நேரம், உறைந்த இரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் சிரைவழியாக ஏறத் தொடங்கிய நேரம் ஆகியவற்றை நிமிடம், நொடியோடு அவர்கள் எழுத வேண்டும். இரண்டாம் குழு பேச்சை மட்டும் கேட்கட்டும். "யாராவது டிரிப் போடுங்கள்" என்று காற்றில் சொன்னார்களா, ஒருவரின் பெயரைச் சொல்லிச் சொன்னார்களா, கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்னாரா, முடித்ததும் "போட்டுவிட்டேன்" என்று அறிவித்தாரா என்பதைச் சொன்ன வார்த்தைகளிலேயே குறிக்க வேண்டும். மூன்றாம் குழுவின் கண் தாயின் மீதே இருக்கட்டும்: அவர் முகத்தைப் பார்த்து யாராவது பேசினார்களா, வாசலில் நிற்கும் அவருடைய தாயாருக்கு என்ன சொல்லப்பட்டது, நாடித் துடிப்பு மாறியதை முதலில் யார் கவனித்தார்? நான்காம் குழு தலைமையைப் பார்க்கட்டும்: வேலையைப் பகிர்ந்தளித்தவர் யார், அவரே ஊசியைக் கையிலெடுத்ததும் மொத்த நிலவரத்தைக் கவனிக்கும் வேலை யாரிடம் போனது, அல்லது யாரிடமும் போகாமல் நின்றுவிட்டதா?

இவற்றோடு 15 பேருக்கும் பொதுவான ஒரு வேலையும் வேண்டும். சிவப்புச் சாயம் கலந்த நீரை, 700 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம், அளந்து விரிப்பிலும் துணிகளிலும் ஊற்றிவிட்டு, எவ்வளவு இரத்தம் போயிருக்கும் என்பதை ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைக் கேட்காமல் ஒரு சீட்டில் எழுதி மடித்துவைக்கச் சொல்லுங்கள். கண்ணால் மதிப்பிடும்போது, அதிலும் இழப்பு கூடுதலாக இருக்கும்போது, நாம் குறைத்தே சொல்கிறோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு, இதை மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதைக் காட்டியது. அளவுக்கோடு இட்ட விரிப்பால் இரத்தத்தை அளந்து, ஒரு சிகிச்சை பலிக்கிறதா என்று காத்திருந்து அடுத்ததற்குப் போகாமல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொடுத்தபோது, கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணை வகுப்பில் சொல்லலாம். ஆனால் 350 என்று எழுதி மடித்துவைத்த மாணவி, சீட்டைப் பிரித்து 700 என்று கேட்கும் கணத்தில் கற்பதை எந்த விரிவுரையும் தராது. அவர் அன்று சிகிச்சை செய்யவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். நான் இதுவரை கலந்துகொண்ட எட்டுப் பயிற்சிகளில் இரண்டில்தான் கைவைக்க வாய்ப்புக் கிடைத்தது. மற்ற ஆறும் வீண்தானே?
– மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர், தஞ்சாவூர்

பதில்: கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் திறன்கள் உண்டு என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். இதய நுரையீரல் மீட்புச் சிகிச்சையில் மார்பை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதை நூறு முறை பார்த்தாலும் உங்கள் தோள்பட்டைக்கு அந்த விசை பழகாது. ஆனால் அதே சிகிச்சையில், ஆள் மாறும்போதெல்லாம் அழுத்துவது 10 நொடிக்கு மேல் நின்றுபோகிறதா என்பதை, மூச்சிரைக்க அழுத்திக்கொண்டிருப்பவரால் அறிய முடியாது. சுவரோரம் ஸ்டாப்வாட்ச் பிடித்திருப்பவரால் முடியும். ஒரு குழு எங்கே தடுமாறுகிறது, ஒரு முடிவு ஏன் தாமதமாகிறது, ஒரு நல்ல யோசனை யாருடைய காதிலும் விழாமல் எப்படி மறைகிறது என்பவையெல்லாம் சற்றே தள்ளி நிற்பவருக்கே தெரியும். மானிட்டர் அலறும்போது, மருந்தின் அளவை மனக்கணக்குப் போட்டுக்கொண்டே பத்துக் கண்கள் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து வியர்க்கும் மாணவருக்கு அந்த நிதானம் வாய்ப்பதில்லை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர், உற்றுநோக்குபவர்கள் என்ன கற்கிறார்கள் என்பதை அளந்த ஒன்பது ஆய்வுகளைத் திரட்டி 2016இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். அவற்றில் ஐந்து ஆய்வுகள், பார்த்தவர்களின் கற்றல் செய்தவர்களின் கற்றலுக்கு இணையாகவோ கூடுதலாகவோ இருந்ததைக் காட்டின. எங்கே அது நிகழ்ந்தது என்பதுதான் முக்கியம்: எதைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டும் குறிப்புத்தாள், தன் பொறுப்பு இன்னது என்ற தெளிவு, முடிவில் நடக்கும் உரையாடலில் பங்கு ஆகியவற்றோடு அந்தக் கற்றல் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. ஆகவே உங்கள் ஆறு பயிற்சிகளும் வீணானதா என்ற கேள்விக்கு, அந்த ஆறிலும் உங்கள் கையில் என்ன இருந்தது, கடைசியில் உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்பதில்தான் விடை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; நான் இதைச் சொல்லாத வகுப்பு கிடையாது. 2005இல் இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலி என்ற பெண்ணுக்கு ஒரு சாதாரண அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது சுவாசப் பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாய் செருகும் முயற்சியிலேயே திரும்பத் திரும்ப ஈடுபட்டிருந்தார்கள். செவிலியர் ஒருவர் கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைக்கும் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. செய்ய வேண்டியது என்ன என்பது சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை மருத்துவர்களின் மனத்தில் ஏறும்படி சொல்வது எப்படி என்பதுதான் தெரியவில்லை. 13 நாள் கழித்து எலைன் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. மருத்துவத்தில் மனிதக் காரணிகளைப் பற்றிப் பேசும் அமைப்பு ஒன்றை 2007இல் அவர் தொடங்கினார். பார்த்ததை உரிய நேரத்தில், உரியவர் காதில் விழும்படி சொல்வதும் ஒரு மருத்துவத் திறன். ஹவுஸ் சர்ஜனாக நீங்கள் வார்டில் கழிக்கப்போகும் முதல் ஆண்டில், ஊசியைப் பிடிப்பவராக இருப்பதைவிடப் பக்கத்தில் நிற்பவராகவே அதிக நேரம் இருப்பீர்கள். அந்த இடத்தில் நின்று பழகுவதற்கு ஸ்கில் லேபைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

ஆசிரியர் எந்தப் பொறுப்பையும் தராவிட்டால் நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "நானாக இருந்தால் அடுத்து இதைச் செய்வேன்" என்பதைக் குழு செய்வதற்கு முன்பே நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு மாற்றக் கூடாது. அந்த ஒரு வரி உங்களை அந்தக் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கேள்வி: உற்றுநோக்கும் மாணவர்களுக்காக 42 அம்சங்கள் கொண்ட செக்லிஸ்ட் ஒன்றை மிகுந்த உழைப்போடு தயாரித்தோம். எல்லோரும் ஒழுங்காக டிக் செய்து தருகிறார்கள். ஆனால் நடந்ததைப் பற்றிக் கேட்டால் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.
– மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர், சேலம்

பதில்: 42 கட்டங்களை நிரப்ப வேண்டியவர் தாளைத்தான் பார்ப்பார், நோயாளியைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. உங்கள் உழைப்பை வீணாக்க வேண்டாம். அந்த 42ஐயும் ஆசிரியரின் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து அன்றைய பயிற்சியின் நோக்கத்துக்கு உயிரான நான்கைந்தை மட்டும் எடுத்து மாணவர்களுக்குக் கொடுங்கள்.

டிக் செய்வதைவிட எழுதுவது நல்லது என்பது என் அனுபவம். "தகவல் பரிமாற்றம் நன்றாக இருந்தது" என்ற வரியால் எவருக்கும் பயனில்லை. "நான்காவது நிமிடத்தில் அட்ரினலின் கேட்டார்; இருவர் ஒரே நேரத்தில் எடுக்கப் போனார்கள்; மானிட்டர் அருகே ஒருவரும் இல்லை" என்ற வரியிலிருந்து அரை மணி நேர உரையாடல் பிறக்கும். தாளில் மூன்றே பத்திகள் போதும்: நேரம், கண்டதும் கேட்டதும், எனக்கு எழுந்த கேள்வி. தீர்ப்பு எழுதுவதற்கு இடமே வைக்காதீர்கள்.

நடத்தைகளை வகைப்படுத்த ஒரு சட்டகம் தேவையென்றால், ஸ்காட்லாந்தில் மயக்கவியல் மருத்துவர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ஆன்ட்ஸ் என்னும் முறை கைகொடுக்கும். அது பணி மேலாண்மை, குழுவாகச் செயல்படுதல், சூழலை உணர்ந்திருத்தல், முடிவெடுத்தல் என்று நான்கு வகைகளைச் சொல்கிறது. அது பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களுக்காக உருவானது என்பதால் மதிப்பெண் போடும் பகுதியை விட்டுவிட்டு, நான்கு குழுக்களுக்கு நான்கு தலைப்புகளாக மட்டும் பயன்படுத்துங்கள். பயிற்சி தொடங்கும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டு, ஒவ்வொரு தலைப்பின் கீழும் எது கண்ணில் படும் என்று மாணவர்களிடமே கேட்டு ஓர் எடுத்துக்காட்டையாவது வாங்கிவிடுங்கள். 'சூழலை உணர்தல்' என்று அச்சடித்துக் கொடுத்தால் அது வெறும் சொல்தான். "ஆக்சிஜன் அளவு இறங்குகிறது என்று யார் முதலில் சத்தமாகச் சொல்கிறார்கள், பார்ப்போம்" என்றால் அவர்களுக்குப் புரியும்.

கேள்வி: பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலில் எங்கள் தாதிய மாணவர்கள் ஒன்று வாயே திறப்பதில்லை, அல்லது பங்குபற்றியவர்களின் பிழைகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சென்ற முறை ஒரு பிள்ளை அழுதுவிட்டாள். இதை எவ்வாறு கையாளலாம்?
– தாதியர் கல்லூரி விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பதில்: அந்தப் பிள்ளையின் அழுகையை நீங்கள் இவ்வளவு பொருட்படுத்துவதே நல்ல தொடக்கம். நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பயிற்சியாளராக என் ஆரம்ப நாட்களில், கூட்டத்தைப் பார்த்து "என்னென்ன தப்பு நடந்தது, சொல்லுங்கள்" என்று உரையாடலைத் தொடங்கினேன். ஒரு மாணவர் எழுந்து, "இந்த மருந்துக்கு இந்த டோஸ் என்பதுகூடத் தெரியாமலா வந்தார்கள்?" என்றார். மருந்து கொடுத்த மாணவி அடுத்த இரண்டு பயிற்சிகளுக்கு வரவே இல்லை. தவறு எழுந்து பேசியவருடையதன்று. அப்படிப் பேசும்படி கேள்வியை அமைத்த என்னுடையது.

அதன் பிறகு நான் ஒரு வரிசையை விடாமல் கடைப்பிடிக்கிறேன். முதலில் சிகிச்சை செய்தவர்கள் தங்கள் மனநிலையைச் சொல்வார்கள். அந்த இரண்டு மூன்று நிமிடம் வேறு எவரும் பேசுவதில்லை. நெஞ்சுப் படபடப்பு அடங்காதவரிடம் எந்தக் கருத்தும் போய்ச் சேராது. அடுத்து, கடிகாரக் குழு தன் தாளை அப்படியே வாசிக்கும், விமர்சனம் இல்லாமல். "2 நிமிடம் 10 நொடியில் இரத்தம் என்று சொல்லப்பட்டது, 5 நிமிடம் 40 நொடியில் உதவிக்கு ஆள் அழைக்கப்பட்டது." இதைக் கேட்கும்போது சிகிச்சை செய்தவர்களே நிமிர்ந்து, "அவ்வளவு நேரமா ஆகிவிட்டது?" என்று கேட்பார்கள். யாரும் குறை சொல்லவில்லை, எண் பேசிவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்றக் குழுக்களின் கேள்விகள்.

கேள்வி கேட்கும் முறையை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது தானாக வராது. பாஸ்டன் நகரின் பாவனைப் பயிற்சி மையத்தைச் சேர்ந்த ஜென்னி ருடால்ஃபும் அவருடைய சகாக்களும் 2006 முதல் எழுதிவந்த முறையை நான் எளிமையாக்கி மூன்று வாக்கியங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன்: "நான் இதைக் கண்டேன். அதைக் கண்டதும் எனக்கு இப்படித் தோன்றியது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?" எடுத்துக்காட்டாக, "இரத்த அழுத்தம் குறைந்த பிறகும் இரண்டாவது சிரைவழியைத் தொடங்கவில்லை என்பதைக் கண்டேன். தாமதமானால் பின்னர் சிரை கிடைக்காதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. நீங்கள் அப்போது எதைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள்?" இப்படிக் கேட்டால், "சிரையில் செருகும் கானுலாவைத் தேடிக்கொண்டிருந்தேன், தட்டில் இல்லை" என்ற பதில் வரும். குறை அறிவில் இருந்ததா, தட்டில் இருந்ததா என்பது அப்போதுதான் வெளிவரும். இந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்பதைவிட, இன்னும் அரை மணி நேரத்தில் தானே அந்த இடத்தில் நிற்கப்போகும் சக மாணவி கேட்கும்போது அதில் வேறு ஓர் ஈரம் இருக்கும்.

வாய் திறக்காதவர்களை, "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள். "உங்கள் தாளில் நான்காவது வரியை வாசியுங்கள்" என்று சொல்லுங்கள். கருத்துச் சொல்லத் தயங்குபவரும் தாளை வாசிக்கத் தயங்குவதில்லை; வாசித்த பிறகு பேச்சு தானாக வரும்.

கேட்காமலே ஒன்றைச் சேர்க்கிறேன். பயிற்சி அறையில் கைப்பேசியில் படம் எடுப்பதை முற்றிலும் தடைசெய்யுங்கள். ஒரு மாணவியின் தடுமாற்றம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது என்று தெரிந்தால், அதன் பிறகு அந்தக் கல்லூரியில் எவரும் மனம் திறந்து பங்குபற்ற மாட்டார்கள். பயிற்சியைப் பதிவு செய்வதானால் கல்லூரி செய்யட்டும், எல்லோருடைய ஒப்புதலோடும்.

கேள்வி: உற்றுநோக்குபவர்களை அதே அறையில் வைப்பதா, பக்கத்து அறையில் திரை வழியே காட்டுவதா?
– ஸ்கில் லேப் பொறுப்பாளர், மதுரை

பதில்: வசதி இருந்தால் பக்கத்து அறையே நல்லது. செய்பவர்களின் கூச்சம் குறையும், பார்ப்பவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் விவாதிக்கலாம், ஓர் ஆசிரியர் அவர்களோடு உட்கார்ந்து, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று நடுநடுவே கேட்கலாம். ஒலி தெளிவாகக் கேட்கவில்லையென்றால் மட்டும் திரையை நம்பாதீர்கள், ஏனெனில் குழு தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் பேச்சில்தான் இருக்கின்றன.

சுற்றி நின்று பார்ப்பது நம் தொழிலின் மிகப் பழைய வகுப்பறை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் 1590களில் கட்டிய உடற்கூறு அரங்கில், நடுவே ஒரு மேசையும் சுற்றிலும் அடுக்கடுக்காக மாணவர் நிற்கும் மாடங்களும் இன்றும் இருக்கின்றன. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் மயக்கத்தில் அறுவை நடந்ததையும் அப்படிப்பட்ட அரங்கில் அமர்ந்தவர்கள்தான் கண்டார்கள். நாம் தினமும் சொல்லும் ஆபரேஷன் தியேட்டர் என்ற பெயரில் அந்த இருக்கைகளின் நினைவு தங்கியிருக்கிறது. அந்த மாணவர்கள் மேடையில் நடப்பதை மாற்ற முடியாது. நம் மாணவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க முடியும் என்பதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மகள் நர்சிங் படிக்கிறாள். பெரும்பாலான பயிற்சிகளில் வேடிக்கைதான் பார்க்கிறேன் என்கிறாள். கட்டணம் கட்டும் பெற்றோர் என்ற முறையில் இதைக் கல்லூரியில் கேட்கலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: தாராளமாகக் கேளுங்கள், ஆனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். பார்ப்பதும் பாடத்தின் பகுதிதான் என்பதால், பார்க்க வைத்ததற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவியும் எத்தனை முறை செய்தார், எத்தனை முறை உற்றுநோக்கினார் என்பதற்குப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி ஒரு பதிவேடு இல்லாத இடத்தில், துணிச்சலான ஐந்தாறு பேரே ஒவ்வொரு முறையும் முன்னே வருவதையும், கூச்சம் உள்ளவர்கள் நான்கு ஆண்டும் சுவரோரமே நின்று பட்டம் வாங்குவதையும் கண்டிருக்கிறேன்.

கேள்வி: விலையுயர்ந்த மேனிகின் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. எளிய பொருட்களை வைத்து நடத்தினால் பார்ப்பவர்களுக்கு நம்பகத்தன்மை குறைந்துவிடாதா?
– கிராம செவிலியர்களுக்குப் பயிற்சி தருபவர், தருமபுரி மாவட்டம்

பதில்: குறையாது. நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரில் பொம்மைகள் செய்துவந்த ஓஸ்முண்ட் லேர்டால் 1960இல் உருவாக்கிய ரெஸசி ஆன் என்ற மேனிகினில் அன்று மின்னணுச் சாதனம் எதுவும் இருக்கவில்லை. உலகம் அதில்தான் உயிர்மீட்புச் சிகிச்சையைக் கற்றது. பிரசவப் பயிற்சிக்கு லேர்டால் நிறுவனத்தின் மாமா நாட்டலி (MamaNatalie) என்ற எளிய சாதனம் உண்டு. அதை ஒருவர் வயிற்றில் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். கருப்பை தளர்வதையும் இரத்தம் வழிவதையும் அவரே கையால் இயக்குவார். அதை அணிந்து படுத்திருக்கும் மாணவியைப் போல் நெருங்கி உற்றுநோக்குபவர் அந்த அறையில் வேறு எவரும் இல்லை. தன் தலைக்கு மேலே நாலு பேர் பேசிக்கொள்கிறார்கள், தன்னிடம் ஒருவரும் பேசவில்லை என்பதை அவர் உடம்பாலேயே உணர்வார். அவருக்கென ஒரு குறிப்புத்தாளை எழுந்ததும் கொடுங்கள். கலந்துரையாடலில் கடிகாரக் குழு வாசித்து முடித்ததும், மற்றக் குழுக்களுக்கு முன்பாகத் தாயின் குரலாகவே அவரைப் பேசச் சொல்லுங்கள். உறவினராக நடிக்கவும் ஒருவரை வையுங்கள். "என் மகளுக்கு என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்பவருக்குக் கிடைத்த பதிலை எல்லோரும் கேட்க வேண்டும்.

கேள்வி: உற்றுநோக்குபவர்கள் உண்மையில் கற்றார்களா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எழுத்துத் தேர்வு வைக்கலாமா?
– செவிலியர் கல்லூரி முதல்வர், கோயம்புத்தூர்

பதில்: தேர்வு வைப்பதைவிட, அவர்களைச் செய்ய வையுங்கள். பார்த்துக் கற்பதைப் பற்றி ஆய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா, கவனித்தல், மனத்தில் இருத்தல், செய்து காட்டல், செய்யும் விருப்பம் என்று நான்கு நிலைகளை 1970களில் வகுத்தார். நம் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் நிலையோடு கலைந்துவிடுகின்றன. ஒரே சூழலை அதே நாளில் இரண்டு முறை நடத்துங்கள். முதல் சுற்றை 10 நிமிடத்தோடு நிறுத்தி, 20 நிமிடம் உரையாடி, உடனே இரண்டாம் சுற்றில் உற்றுநோக்கிய ஐவரைக் கட்டிலருகே அனுப்புங்கள்; முன்பு செய்தவர்கள் தாளை வாங்கிக்கொள்ளட்டும். இரண்டாம் சுற்றில் சிறு மாற்றம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மனப்பாடம் செய்ததையே ஒப்பிப்பார்கள். முதல் தாய்க்குக் கருப்பை தளர்ந்ததால் இரத்தம் போனது என்றால், இரண்டாம் தாய்க்குக் கருப்பை இறுகியிருந்தும் இரத்தம் நிற்காமல் இருக்கட்டும். பிறப்புப் பாதையில் கிழிசல் இருக்கிறதா என்று யாருக்குத் தோன்றுகிறது பாருங்கள்.

இன்னும் ஒரு படி முன்னே போக விரும்பினால், ஆஸ்திரேலியாவின் செவிலியர் கல்வியாளர்கள் உருவாக்கிய டேக் டீம் முறையை முயலலாம். பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால், பார்ப்பவரே மேடையேறிக் கதையின் போக்கை மாற்றும் அரங்க முறை ஒன்றை வளர்த்தார். அந்த மரபின் சாயலில் இங்கேயும் பயிற்சி நடுவில் நிறுத்தப்படும், சுற்றி இருப்பவர்கள் மாற்று வழிகளைச் சொல்வார்கள், ஆள் மாறும், கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த நேரத்திலும் தன் முறை வரலாம் என்பதால் எவருடைய கவனமும் கலைவதில்லை. நான் இதில் ஒரே ஒரு விதியைச் சேர்த்திருக்கிறேன்: நிறுத்தியதும் 60 நொடி மௌனம். அந்த ஒரு நிமிடத்தில், கட்டிலருகே நிற்பவர்கள் உட்பட எல்லோரும், அடுத்த அடி என்ன என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். அந்தச் சீட்டுகளை வாங்கி, முதல் மாதத்துச் சீட்டுகளையும் ஆறாம் மாதத்துச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் மாதத்தில் "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று மட்டும் எழுதிய மாணவி, ஆறாம் மாதத்தில் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது, அவர் வரும்வரை தன் கை எங்கே இருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருப்பார். நீங்கள் கேட்ட தேர்வு அதுதான்.